கண்ணை மூடிக்கொள்ளும் காக்கி

நிதிலன் சாமிநாதனின் ‘மகாராஜா’ (2024) படத்தில் எந்த இடம் மனதைத் தொட்டது என்று கேட்டால் பலரும் இதைத்தான் சொல்கிறார்கள்: மகளைச் சீரழித்தவர்களில் ஒருவன் யாரென்று காவல் நிலையத்துக்குத் தெரிந்துவிடுகிறது. இன்ஸ்பெக்டர் அவனைக் கோர்ட்டுக்கு அனுப்பவில்லை, தகப்பன் கையில் விட்டுவிடுகிறார். மிச்சத்தைத் தகப்பன் பார்த்துக்கொள்கிறார். “போலீஸ்னா இப்படி இருக்கணும்” என்கிறோம்.

இப்படி இருக்கவே கூடாது.

முதல் பாதியில் அதே நிலையத்தைப் பார்த்தோமே! குப்பைத்தொட்டியைக் காணோம் என்று வந்த அதே தகப்பனை ஏளனம் செய்து விரட்டப் பார்க்கிறார்கள். பணம் தருகிறேன் என்றதும் புகாருக்கு உயிர் வருகிறது. திருடன் சிக்காததால் போலித் திருடன் ஒருவனைத் தயார் செய்கிறார்கள். அந்த ஆட்களுக்கு மனம் இரங்கியதும், யார் சாக வேண்டும் என்று முடிவுசெய்யும் அதிகாரத்தை நாமே கைதட்டிக் கொடுத்துவிடுகிறோம்.

பாதிக்கப்பட்டவள் பள்ளி மாணவி. 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி, சிறுமி மீதான பாலியல் குற்றத் தகவலைப் பதிவு செய்யாத காவலரும் தண்டனைக்குரியவர். எஃப்.ஐ.ஆர். போடச் சொல்லி நிலைய வாசலில் காத்துக் கிடக்கும் தாய்மாருக்கு அந்தச் சட்டம் ஒரு பிடிமானம். பதியாமல் விடுவதையே கருணையாக்கிக் காட்டுகிறது சினிமா.

“கேஸ் வருஷக்கணக்கில் இழுக்கிறது, சாட்சி பல்டி அடிக்கிறான், காசுள்ளவன் தப்பிக்கிறான், வேறென்ன செய்வது?” என்று கேட்கிறவர்களின் கோபம் நியாயமானது. ஆனால் வழக்கு எங்கே நோஞ்சானாகிறது? பெரும்பாலும் நிலையத்திலேதான். தாமதமாகப் போட்ட எஃப்.ஐ.ஆர்., எடுக்காத தடயம், மாற்றி எழுதிய வாக்குமூலம். நோயைக் கொடுத்தவரிடமே மருந்தும் கேட்கிறோம்.

இன்னொன்று. திரையில் நமக்கு ஃபிளாஷ்பேக் காட்டி, குற்றவாளி இவன்தான் என்று உறுதி செய்துவிடுகிறார்கள். நிலையத்தில் ஃபிளாஷ்பேக் கிடையாது. அங்கே இருப்பது அதிகாரியின் நம்பிக்கை மட்டும். அந்த நம்பிக்கைக்குச் சாதி உண்டு, ஊர் உண்டு, வேண்டியவர் வேண்டாதவர் உண்டு.

விருத்தாசலம் அருகே புதுக்கூரைப்பேட்டையில் 2003இல் கண்ணகியும் முருகேசனும் சாதி மாறி மணந்ததற்காக மூக்கிலும் காதிலும் விஷம் ஊற்றிக் கொல்லப்பட்டார்கள். கொன்றவர்களும் குடும்ப மானத்துக்கு நியாயம் செய்வதாகத்தான் நினைத்தார்கள். காவல்துறையும் கண்ணை மூடிக்கொண்டது. உடனே வழக்குப் பதியவில்லை. பதிந்தபோதும் முருகேசனின் உறவினர்களையும் குற்றவாளிகளாகச் சேர்த்தது. சி.பி.ஐ. விசாரித்த பிறகுதான் உண்மை வெளிவந்தது. 2021இல் கடலூர் நீதிமன்றம் கொலையாளிகளோடு இரண்டு காவல் அதிகாரிகளையும் குற்றவாளிகள் என்றது. உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்ய 2025 ஆனது.

நல்ல மனசுக்கார இன்ஸ்பெக்டர் மறைப்பதும் இதே வழியில்தான்: எழுத வேண்டியதை எழுதாமல் விடுவது, நடக்காததை நடந்ததாக எழுதுவது. நல்லவருக்கு மட்டும் அந்த அனுமதியைக் கொடுத்து, கெட்டவரிடமிருந்து பிடுங்கிக்கொள்ள முடியாது.

இயக்குநர்களுக்கு ஒரு வேண்டுகோள். 2020இல் சாத்தான்குளம் காவல் நிலையத்தில் தந்தையும் மகனும் இரவெல்லாம் அடிக்கப்பட்டதையும், லத்தியிலும் மேசையிலும் ரத்தக்கறை இருந்ததையும் அதே நிலையத்தின் தலைமைக் காவலர் ரேவதி, பயந்து நடுங்கியபடியே நீதித்துறை நடுவரிடம் சொன்னார். சக காவலர்களைக் காப்பாற்ற அவர் மறைக்கவில்லை. காக்கியில் ஒரு நாயகர் வேண்டுமென்றால், அவரைப் போன்ற ஒருவரை வைத்துப் படம் எடுங்கள்.