கேட்பது மட்டும் போதாது, பேசவும் ஆள் வேண்டும்



டித்வா புயலுக்குப் பிறகு நம் இளைஞர்கள் சிலருக்கு ஒரு புது ஆசை. கணினியில் செருகும் சின்ன எஸ்.டி.ஆர். ரிசீவரை வாங்கி, பொலிஸ், அம்பியூலன்ஸ் பேசுவதை வீட்டிலிருந்தே கேட்க வேண்டுமாம். அந்த ஆசை எங்கிருந்து வந்தது என்பது நமக்குப் புரிகிறது. 2025 நவம்பர் இறுதியில் கரண்டும் போனும் ஒன்றாகப் போனபோது, கம்பளைப் பக்கம் இருந்த சொந்தங்கள் உயிரோடு இருக்கிறார்களா என்றே தெரியாமல் தவித்தவர்கள் நம்மில் எத்தனை பேர்!

ஆனாலும் சில விஷயங்களை யோசிப்போம்.

முதலாவது, தொழில்நுட்பம். 'ட்ரங்க்' முறையில் ஒரு குழுவுக்கென்று நிரந்தர அலைவரிசை கிடையாது. வங்கியில் ஒரே வரிசையில் நின்று, காலியாகும் கவுண்டருக்குப் போவோமே, அதுபோலத்தான். யார் எந்த அலைவரிசைக்குப் போக வேண்டும் என்பதைக் கட்டுப்பாட்டு சேனல் ஒன்று சொல்லிக்கொண்டே இருக்கும். அதை மென்பொருளால் பின்தொடரலாம். பேச்சு மறைகுறியாக்கப்பட்டிருந்தால் ஒன்றுமே கேட்காது.

இரண்டாவது, சட்டம். பொதுமக்களுக்கென அனுப்பப்படாத தகவலை வேண்டுமென்றே இடைமறித்துக் கேட்பது 1991ஆம் ஆண்டின் 25ஆம் இலக்கத் தொலைத்தொடர்புச் சட்டப்படி குற்றம்.

மூன்றாவதுதான் முக்கியம். அரைகுறையாகக் கேட்டதை வட்ஸ்அப்பில் போட்டால் அது வதந்தி. 2018 மார்ச்சில் திகனயில் வதந்தி என்ன செய்தது என்பதை நமக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை.

அதற்காக ரிசீவரைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. 137 மெகாஹேர்ட்ஸில் மீட்டியோர் செய்மதி அனுப்பும் மேகப் படத்தை வகுப்பறையிலேயே இறக்கலாம். 1090 மெகாஹேர்ட்ஸில் விமானங்களின் இருப்பிடத்தைப் பார்க்கலாம். உயர்தர பௌதிகவியலுக்கு இதைவிட நல்ல செய்முறை ஏது?

ஆனால் ரிசீவரால் உதவி கேட்க முடியாது. 2004 சுனாமியில் போன்கள் செயலிழந்தபோது, விக்டர் குணதிலக உள்ளிட்ட அமெச்சூர் வானொலியாளர்கள்தான் அம்பாந்தோட்டையைச் சிற்றலையில் கொழும்போடு இணைத்தார்கள். அனுமதிப்பத்திரமும் பல வருடப் பயிற்சியும் அவர்களிடம் முன்பே இருந்தன.

நமது ஊர்களைச் சுற்றி மலை. கையடக்க வோக்கி டோக்கியின் அலை மலையைத் தாண்டாது. 7 மெகாஹேர்ட்ஸ் அலையோ செங்குத்தாக மேலே போய், வானில் பட்டு, மலைக்கு அந்தப் பக்கமும் இறங்கும். கார் பெட்டரி ஒன்றும் நீளமான கம்பி ஒன்றும் இருந்தால் போதும்.

ஆகவே நமது கோரிக்கை இது: கண்டி, அக்குறணை, மடவளை, கம்பளை என ஊருக்கு இரண்டு பேராவது தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் அமெச்சூர் வானொலிப் பரீட்சைக்குத் தயாராகட்டும். செலவுக்குப் பள்ளிவாசல் நிர்வாகங்களும் பழைய மாணவர் சங்கங்களும் கைகொடுக்கட்டும். எந்த இனத்துப் பிள்ளை படிக்க வந்தாலும் சேர்த்துக்கொள்வோம். மண்சரிவு ஆள் பார்த்து வருவதில்லையே.

அடுத்த மழைக்கு முன் தொடங்குவோம், இன்ஷா அல்லாஹ்.