துயரத்தில் தரகு

மோட்டார் வாகன விபத்தில் உயிரையோ உறுப்பையோ பறிகொடுத்த குடும்பங்களுக்கு நஷ்டஈடு அளிக்க 1988-ஆம் ஆண்டின் சட்டம் இருக்கிறது. அதை விசாரிக்கத் தனித் தீர்ப்பாயங்களும் இருக்கின்றன. ஆயினும் அத்தீர்ப்பாயத்தின் வாயிலை ஏழை அடையுமுன்னரே, ஆஸ்பத்திரி வாயிலில் தரகன் அவனை அடைந்துவிடுகிறான். பிரேத பரிசோதனை முடியுமுன்னரே அனுதாபம் பேசி வருகிறான். செலவு ஒன்றுமில்லை, கிடைப்பதில் பங்கு கொடுத்தால் போதும் என்கிறான். வக்காலத்திலும் வெற்றுத் தாள்களிலும் கையெழுத்து வாங்கிக்கொண்டு போகிறான். தன் வக்கீல் யாரென்றே அறியாத கட்சிக்காரர்கள் இவ்வாறுதான் உண்டாகிறார்கள்.

இவ்வழக்கம் சட்டத்திற்கு முற்றும் விரோதமானது. வழக்கில் கிடைக்கும் தொகையில் பங்கு பேசுவதையும், வெற்றியைப் பொறுத்துக் கட்டணம் விதிப்பதையும் இந்திய வழக்கறிஞர் மன்றத்தின் விதிகள் தடுக்கின்றன. தரகரை வைத்து வழக்குத் தேடுவதும் அவ்வாறே விலக்கப்பட்டது. அமெரிக்காவில் பங்குக் கட்டணம் சாதாரணமாயிருக்கலாம். நம் நாட்டில் அது தொழில் ஒழுக்கத்திற்கு இழுக்கேயாகும்.

இதனால் விளையும் நஷ்டம் எவ்வளவென்பதைக் கணக்கிட்டுப் பார்ப்போம். மாதம் 15,000 ரூபாய் சம்பாதித்த 35 வயதுத் தச்சர் ஒருவர் பிறர் குற்றத்தால் மாண்டார் என்று கொள்வோம். தாயும் மனைவியும் இரு குழந்தைகளும் அவரை நம்பியிருந்தவர்கள். உச்ச நீதிமன்றம் 2009-லும் 2017-லும் வகுத்த முறைப்படி, வருங்கால வருவாய்க்காக நூற்றுக்கு 40 கூட்டினால் 21,000. அவர் சொந்தச் செலவுக்கு நாலிலொரு பங்கு கழித்தால் 15,750. இதை ஓராண்டுக்குக் கணக்கிட்டு, அவ்வயதுக்குரிய 16-ஆல் பெருக்கினால் 30,24,000 ரூபாயாகிறது. குற்றத்தை நிரூபிக்காமலே பெறக்கூடிய தொகையோ, மரணத்திற்கு 5 லட்சமே. அதை ஏற்றுக்கொண்டால் பெரிய வழக்கு அற்றுப்போகும் என்று சட்டமே கூறுகிறது. விரைவில் பங்கை எடுத்துக்கொள்ள விரும்பும் தரகன், கைம்பெண்ணுக்கு இவ்வித்தியாசத்தை எடுத்துரைப்பானா?

கையில் பொருளில்லாதவர்க்குத் தரகனன்றி வேறு கதியேது என்று சிலர் கேட்கக்கூடும். நியாயமான கேள்வியே. ஆனால் 1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டப்படி, பெண்களும் குழந்தைகளும் வருமானம் எவ்வளவாயினும் இலவச வக்கீல் உதவி பெற உரியவர்கள். விபத்தில் மாண்டவரின் மனைவியும் மக்களுமே இவ்வழக்குகளில் பெரும்பாலும் நிற்பவர்கள். அவர்கள் ஜில்லா நீதிமன்றத்திலுள்ள ஆணைய அலுவலகத்தை நாடலாம். 15100 என்ற தொலைபேசி எண்ணிலும் கேட்கலாம். மோதிய வண்டி இன்னதென்று தெரியாவிடில், மரணத்திற்கு 2 லட்சமும் கொடுங்காயத்திற்கு 50,000 ரூபாயும் பெறத் தீர்ப்பாயத்திற்கே செல்ல வேண்டியதில்லை.

ஆகவே, ஜனங்கள் செய்யத் தக்கவை சில உண்டு. வக்கீலை நேரில் கண்டு பேசிய பின்னரே வக்காலத்தில் கையெழுத்திட வேண்டும். வெற்றுத் தாளில் ஒருபோதும் ஒப்பமிடலாகாது. கட்டணம் இவ்வளவென்று எழுத்தில் பெறவேண்டும். முதல் தகவல் அறிக்கை, சிகிச்சைச் சீட்டுகள், வருமானச் சான்று ஆகியவற்றின் மூலங்களைத் தம்மிடமே வைத்துக்கொள்ள வேண்டும். நஷ்டஈடு தம் சொந்த வங்கிக் கணக்கிலேயே சேரும்படி கோர வேண்டும். மனுவுக்கு ஆறு மாதக் கெடு 2022 ஏப்ரல் முதல் அமலுக்கு வந்திருப்பதால் தாமதமும் கூடாது. தாம் வசிக்கும் இடத்துத் தீர்ப்பாயத்திலேயே மனுச் செய்யலாமாகையால், விபத்து நடந்த தூர தேசத்திற்கு அலைய வேண்டுவதில்லை.

சர்க்காரின் கடமை இதனினும் பெரிது. ஒவ்வொரு பெரிய ஆஸ்பத்திரியிலும் விபத்துப் பிரிவின் அருகே சட்ட உதவி மேஜை ஒன்று இரவும் பகலும் இருத்தல் வேண்டும். தரகன் நிற்கும் இடத்தில் சட்டத்தின் பிரதிநிதி நிற்கட்டும். வழக்கறிஞர் சங்கங்களும் தம் பெயரைக் கெடுக்கும் சிலரைக் காட்டிக்கொடுக்கத் தயங்கலாகாது. நேர்மையாய் உழைக்கும் வக்கீல்களின் கௌரவத்தைக் காக்க அதுவே வழி. இறந்தவனை மீட்க எச்சட்டத்தாலும் இயலாது. அவன் மக்களின் சோற்றில் பங்கு கேட்பவனைத் தடுக்கச் சட்டத்தால் இயலும். இயன்றதைச் செய்யாதிருப்பது சுதந்திர நாட்டிற்கு அழகன்று.