காய்கறியில் கன உலோகம்: சோதனை வயலில் தொடங்கட்டும்

கீரையில் காரீயம், கத்தரிக்காயில் காட்மியம் என்று செய்தி வந்ததும் அதிகாரிகள் சந்தையில் நாலு கட்டு மாதிரி எடுக்கிறார்கள். வீடுகளில் கீரை வாங்குவதை நிறுத்துகிறார்கள். நுகர்வோர் அமைப்பாகிய எங்களுக்கு முதலாவது போதாது, இரண்டாவது வேண்டாம்.

2006ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டம் விவசாயிக்கும் வயலில் நிற்கும் பயிருக்கும் பொருந்தாது. 18ஆம் பிரிவிலேயே இருக்கிறது. அந்த விலக்கை நீக்கச் சொல்லவில்லை. ஆனால் காட்மியம் செடிக்குள் ஏறுவது வயலில்தான். கழிவுநீர் பாய்ந்த மண்ணிலிருந்து வேர் வழியாக இலைக்குப் போனதை, உப்பும் மஞ்சளும் போட்டு எத்தனை முறை அலசினாலும் எடுக்க முடியாது. இலைக் காய்கறியில் காட்மியத்துக்குச் சர்வதேச உணவுத் தர அமைப்பான கோடெக்ஸ் வைத்திருக்கும் வரம்பு கிலோவுக்கு 0.2 மில்லிகிராம். அதைத் தாண்டிய கட்டு கோயம்பேட்டில் அகப்பட்டாலும், எந்த ஊர் வயலில் அறுத்தது என்று மண்டியில் யாரைக் கேட்பது? ஆய்வக முடிவு வருவதற்குள் கீரை கடைந்து சாப்பிட்டாகிவிடும். மாட்டுவது தலைச்சுமைக் கீரைக்காரம்மா.

2015இல் வந்த மண்வள அட்டை 12 அளவுகளைப் பார்க்கிறது. தழை, மணி, சாம்பல் சத்து உண்டு, துத்தநாகம், போரான்கூட உண்டு. காரீயமும் காட்மியமும் இல்லை. பாலாறு, நொய்யல் போல ஆலைக்கழிவு ஓடிய ஆற்றுப்படுகைகளிலாவது இவற்றையும் குரோமியத்தையும் சேர்க்க வேண்டும். கிணற்று நீரையும் சோதிக்க வேண்டும். உழவர் சந்தையில் விற்பவர்களுக்கு, சாகுபடியைச் சரிபார்த்துத் தந்த அடையாள அட்டை இருக்கிறது. காயிலிருந்து வயலுக்குத் தடம் பிடிக்கும் வேலையை அங்கே நாளைக்கே ஆரம்பிக்கலாம். முடிவுகளை ஊர்வாரியாக, விவசாயி பெயர் இல்லாமல் வெளியிட வேண்டும்.

மண் கெட்டது தெரிந்தால் நட்டம் யாருக்கு? வேலூர் தோல் ஆலைகள் வழக்கில் 1996இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது: மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும். பயிர் மாற்றவும் மண்ணைச் சீராக்கவும் ஆகும் பணத்தை ஆலைகளிடம் வசூலிக்க வேண்டும். இந்த உறுதி இல்லாமல் தன் மண்ணைச் சோதனைக்குக் கொடு என்று எந்த விவசாயியிடமும் நாங்கள் கேட்க மாட்டோம்.

வீட்டில் இருப்பவர்களுக்கு: கீரையை நிறுத்தாதீர்கள். கீரை தரும் இரும்புச்சத்தும் சுண்ணாம்புச்சத்தும் குறைந்த குழந்தையின் உடல் காரீயத்தைக் கூடுதலாக உறிஞ்சும். கீரையில் உள்ள காரீயத்தில் ஒரு பங்கு இலைமேல் படிந்த சாலைத் தூசியிலும் மண்ணிலும் இருப்பதுதான். ஓடும் தண்ணீரில் கழுவினால் அது போகும். ஒரே கடையில், ஒரே கீரையைத் தினமும் வாங்காமல் மாற்றி வாங்குங்கள்.