திருப்பிக் கொடுக்காத சல்லி யாருடைய சல்லி?



உல்லையிலும் பொத்துவிலிலும் ரூம், கபானா, ஹோம்ஸ்டே நடத்தும் என் சகோதரர்களே, இந்தப் பதிவு உங்களில் சிலருக்குக் கசக்கும். என்னிடம் படிக்கும் பிள்ளைகளின் வாப்பாமார் பலர் இந்தத் தொழிலில் இருக்கிறீர்கள். என்னிடம் படித்த பிள்ளைகள் பலர் உங்களிடம் வேலைக்கு நிற்கிறார்கள். அதனால்தான் எழுதுகிறேன்.

நம்மூரில் ஒரு புத்திமதி சுற்றிக்கொண்டிருக்கிறது. "ரீஃபண்ட் மட்டும் குடுத்திராதீங்க காக்கா. ஒருத்தனுக்குக் குடுத்தா எல்லாரும் கேப்பான்." புதிதாக ரெண்டு ரூம் கட்டியவருக்கு இதுதான் முதல் பாடம். சாமான் கடையில் தொங்கும் "விற்ற பொருள் திருப்பி எடுக்கப்படமாட்டாது" என்ற பலகையைக் கழற்றிக்கொண்டு வந்து கபானா வாசலில் மாட்டியிருக்கிறோம்.

இந்தப் புத்திமதி பிழை. மார்க்கத்திலும் பிழை, வியாபாரத்திலும் பிழை. எல்லாவற்றையும் விட, நம் பொடியன்மாருக்கு அது கற்றுக்கொடுக்கும் விடயம் பிழை.

முதலில் மார்க்கம். ரூம் கொடுப்பது விற்பனை அல்ல, வாடகை. இஜாரா. வாடகைப் பணம் என்பது பயன்பாட்டுக்கான விலை. ஏ.சி., சுடுதண்ணி, வைஃபை என்று போட்டோ போட்டு 12,000 ரூபா வாங்கிவிட்டு, மூன்று இரவும் ஏ.சி. ஓடவில்லை என்றால், அந்த ஏ.சி.க்குரிய பங்கு உங்கள் சல்லி அல்ல. வந்தவர் கேட்டாலும் கேட்காவிட்டாலும் அல்ல. குறை தெரிந்தால் உடன்பாட்டை முறிக்க மற்றவருக்கு உரிமை உண்டு என்று நம் ஃபிக்ஹு கிதாபுகள் 'ஹியாருல் ஐப்' என்ற பெயரில் தனியாகப் பேசுகின்றன. சந்தையில் தானியக் குவியலுக்குள் நபியவர்கள் (ஸல்) கையை விட்டு, உள்ளே நனைந்திருப்பதைக் கண்டு அந்த வியாபாரியைக் கண்டித்த சம்பவம் நம் எல்லோருக்கும் தெரியும். ஜும்ஆவில் எத்தனை தடவை கேட்டிருப்போம். ஐந்து வருடத்துக்கு முன் எடுத்த போட்டோவை இன்றைய ரூமுக்குப் போடுவது, நனைந்த தானியத்தை அடியில் வைப்பதை விட எந்த வகையில் வேறு?

"அவன் காஃபிர், சல்லிக்காரன், அவனுக்கு என்ன குறைஞ்சு போகுது" என்று ஒருவர் சொன்னதை என் காதால் கேட்டேன். அளவில் மோசடி செய்பவர்களுக்குக் கேடு என்று சொல்லும் அல்முதஃப்ஃபிஃபீன் சூறாவில், வாங்குபவரின் மார்க்கம் எது என்ற நிபந்தனை எங்கே இருக்கிறது?

அடுத்தது, யாரும் பேச விரும்பாத விடயம். ஸுபஹ் பாங்கு. பள்ளிக்குப் பக்கத்தில் ரூம் வைத்திருக்கும் சிலருக்கு, விடியச் சத்தத்தால் நித்திரை போனது என்று கெஸ்ட் முறைப்பாடு செய்கிறார். உடனே நமக்குக் கோபம் வருகிறது. "பாங்குக்கு ரீஃபண்டா?" பாங்குக்கு யாரும் ஒரு சதமும் திருப்பிக் கொடுக்கத் தேவையில்லை. ஆனால் உங்கள் ரூம் விபரத்தில் "பக்கத்தில் பள்ளிவாசல், விடியற்காலை பாங்கு கேட்கும்" என்று ஒரு வரி எழுதியிருந்தீர்களா? புக்கிங் குறைந்துவிடும் என்று பயந்து மறைத்திருந்தால், பிரச்சினை பாங்கில் இல்லை, உங்கள் மறைப்பில். அந்த ஒரு வரியை எழுதியவர் தைரியமாக "முன்னமே சொல்லியிருக்கிறேன்" என்று பதில் சொல்லலாம். சொல்லிவிட்டால் அதை விரும்பாதவர் வேறு இடம் பார்ப்பார், வருபவர் தெரிந்தே வருவார். கரண்ட் போவது, கடல் இரைச்சல், உப்புத் தண்ணி எல்லாவற்றுக்கும் இதுவேதான்.

இப்போது எனக்கு அதிகம் வலிக்கும் இடத்துக்கு வருகிறேன்.

ஏப்ரலில் சீசன் தொடங்கினால் ஒக்டோபர் வரை, ஓ.எல். எழுதிய பொடியன்மார் உங்கள் ரூம்களில் வேலைக்கு நிற்கிறார்கள். கெஸ்டின் முகத்துக்கு முன் நிற்பது அவர்கள்தான். முதலாளி போனை எடுப்பதில்லை. என் பழைய மாணவன் ஒருவன் கேட்டான்: "சேர், மோட்டார் பத்தி மூணு நாள். இண்டைக்குத்தான் பத்தின எண்டு சொல்லச் சொல்றார். அது எனக்குப் பாவமா, அவருக்கா?" ரெண்டு பேருக்கும் என்றேன். அவன் பேசாமல் நின்றான். அவன் உழைப்பில்தான் வீட்டு அடுப்பு எரிகிறது.

பத்து வருடம் வகுப்பறையில் நாங்கள் உண்மை பேசு என்று சொல்லிக் கொடுக்கிறோம். நீங்கள் ஒரே சீசனில், மாதச் சம்பளமும் கொடுத்து, பொய்யைச் சொல்லிக் கொடுக்கிறீர்கள். சிலர் இன்னும் ஒரு படி மேலே போகிறார்கள். வேறு வழியின்றி ரீஃபண்ட் கொடுக்க நேர்ந்தால், அதைப் பொடியனின் சம்பளத்தில் வெட்டுகிறார்கள். பத்திய மோட்டாரைத் திருத்தாதது நீங்கள், கடன் அவனுக்கா? இதைச் செய்பவர்கள் ஏழைகளுக்கு அரிசிப் பொதி கொடுத்து போட்டோ போடுவதை முதலில் நிறுத்துங்கள்.

வியாபாரக் கணக்கும் பார்ப்போம். உங்களிடமே ஏ.சி. ரூமும் ஃபேன் ரூமும் இருக்கின்றன. வித்தியாசம் ஒரு இரவுக்கு 4,000 ரூபா என்று வைத்துக்கொள்வோம். ஏ.சி. ஓடாத ஒரு இரவுக்குத் திருப்பிக் கொடுக்க வேண்டிய நியாயமான தொகை அந்த 4,000தான். அதைக் கொடுக்காமல் சண்டை பிடித்தால் கெஸ்ட் எழுதும் விமர்சனம் ஒரு சீசனோடு போகாது. ஏர்பிஎன்பியில் பிரச்சினை தெரிந்து 72 மணித்தியாலத்துக்குள் கெஸ்ட் முறையிட்டால், கம்பனியே விசாரித்து உங்களுக்கு வரவேண்டிய சல்லியிலிருந்து வெட்டலாம். அப்போது சல்லியும் போகும், பெயரும் போகும்.

அந்தப் பெயர் உங்களுடையது மட்டும் அல்ல. "அறுகம்பையில் ஏமாற்றினார்கள்" என்றுதான் அவர் நாட்டில் போய்ச் சொல்வார். உங்கள் வீட்டுப் பெயர் அவருக்கு ஞாபகம் இருக்காது. சுனாமி, 2019 ஏப்ரல், கொரோனா, 2022 பெற்றோல் வரிசை, 2024 ஒக்டோபர் எச்சரிக்கை என்று இந்தக் கடற்கரை எத்தனை தடவை வெறிச்சோடியது? ஒவ்வொரு தடவையும் "வாங்க, இது நல்ல ஊர்" என்று நாமெல்லோரும் சேர்ந்துதான் கூப்பிட்டோம். ஓட்டோ ஓட்டுபவரும், சர்ஃப் போர்ட் வாடகைக்கு விடுபவரும், ரொட்டிக் கடைக்காரரும் சேர்ந்து சம்பாதித்த பெயரை 4,000 ரூபாவுக்கு விற்க உங்களுக்கு யார் அதிகாரம் தந்தது?

மறுபக்கமும் இருக்கிறது. பொய் முறைப்பாடு செய்யும் கெஸ்டும் உண்டு. நான்கு நாள் நன்றாகத் தங்கிவிட்டு, போகும் நேரத்தில் "கரப்பான் கண்டேன், பாதிச் சல்லி தா, இல்லாவிட்டால் ஒரு ஸ்டார்தான்" என்று மிரட்டுபவரும் உண்டு. அவருக்குக் கொடுக்காதீர்கள். அது ரீஃபண்ட் அல்ல, கப்பம். அவர் ஆப்பில் எழுதிய மிரட்டலை அப்படியே கம்பனிக்கு அனுப்புங்கள். ஆனால் அந்தக் கள்ளனைக் காட்டி, உண்மையாகவே தண்ணியில்லாமல் கிடந்த குடும்பத்தின் சல்லியை வைத்துக்கொள்ளாதீர்கள். அதேபோல "ரிவியூவை அழி, சல்லி தாறேன்" என்று நாம் பேரம் பேசுவதும் அதே கப்பம்தான்.

கள்ளனையும் உண்மையானவரையும் பிரித்தறிவது கஷ்டமான வேலை இல்லை. முறைப்பாடு வந்தால் பொடியனை அனுப்பாமல் நீங்களே போய்ப் பாருங்கள். போட்டோ எடுங்கள். திருத்த முடிந்தால் திருத்துங்கள், வேறு ரூம் இருந்தால் மாற்றுங்கள். இரண்டும் முடியாவிட்டால், அவர் கேட்கும் முன் நீங்களே தொகையைச் சொல்லுங்கள். பேசியதை ஆப்பிலேயே எழுதி வையுங்கள். கமிஷனை மிச்சம் பிடிக்க "ஆப்பில் கான்சல் பண்ணுங்க, கையில தாங்க" என்று சொல்பவர்களுக்குத்தான் பிரச்சினை வரும்போது எழுத்தும் இல்லை, சாட்சியும் இல்லை. பிறகு தெருவில் நின்று கத்த வேண்டியதுதான்.

மழைகாலத்தில் ரூம்கள் சும்மா கிடக்கும். அப்போது மூன்று வேலை செய்யுங்கள். பழைய போட்டோக்களை மாற்றுங்கள். குறைகளை விபரத்தில் எழுதுங்கள். "ரீஃபண்டை உன் சம்பளத்தில் வெட்டமாட்டேன், எனக்காகப் பொய் சொல்லவும் தேவையில்லை" என்று வேலைக்கு நிற்கும் பொடியனிடம் வாயால் சொல்லுங்கள்.

உடன்படாதவர்கள் கீழே எழுதுங்கள், பதில் சொல்கிறேன். கோபம் வந்தவர்கள் என்னைத் திட்டுங்கள், பரவாயில்லை. அந்தப் பொடியன்மாரைத் திட்டாதீர்கள். யார் சொல்லி எழுதினேன் என்று தேடவும் வேண்டாம். ஒருவன் அல்ல, பலர் சொல்லியிருக்கிறார்கள்.

நம் றிஸ்க்கில் அல்லாஹ் பரக்கத் செய்வானாக.