குப்பை வாயுவும் வரவு செலவும்

குப்பையிலிருந்து வாயு எடுத்து மோட்டார் வண்டிகளை ஓட்டலாம் என்ற பேச்சு நம் நகர சபைகளில் அடிக்கடி எழுகிறது. இது சாத்தியமா என்ற கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது. கட்டுபடியாகுமா என்பதே இப்போது ஆராய வேண்டிய விஷயம்.

கலிபோர்னியாவில் லிவர்மோர் நகருக்கு அருகே, ஆல்டமான்ட் குப்பைக் கிடங்கில், 2009-ம் வருஷம் ஓர் ஆலை திறக்கப்பட்டது. அதற்குச் செலவான மூலதனம் சுமார் 1 கோடியே 55 லட்சம் டாலர். மண்ணிட்டு மூடிய குப்பைக்குள் குழாய்களை இறக்கி வாயுவை உறிஞ்சி, ஈரம், கந்தகம், கரியமில வாயு முதலியவற்றை நீக்கி, எஞ்சும் மீதேனைக் குளிரச் செய்து திரவமாக்குவது அதன் முறை. நாளொன்றுக்கு 13,000 காலன் வரை எரிபொருள் தயாரித்து, சுமார் 300 குப்பை லாரிகளை ஓட்டுவதென்பது திட்டம்.

ஆயினும் அந்நாட்டில் இத்தொழிலுக்கு லாபம் தருவது வாயுவின் விலை மாத்திரம் அன்று. கலிபோர்னியச் சட்டமும், 2014-ல் அமெரிக்க மத்திய சர்க்கார் செய்த விதியும் இவ்வெரிபொருளுக்குத் தனிச் சான்றுகள் அளிக்கின்றன. எண்ணெய்க் கம்பெனிகள் அச்சான்றுகளை விலை கொடுத்து வாங்குகின்றன. பூமியிலிருந்து எடுக்கும் வாயு மலிவாகக் கிடைக்கும் தேசத்தில், இந்த ஆதரவின்றி இத்தொழில் நிலைப்பது அரிது.

நம் நாட்டு நிலைமை வேறு. இங்கே பெரும்பாலான குப்பை மேடுகள் திறந்து கிடக்கின்றன. மீதேன் காற்றில் கலந்து வீணாகிறது. அல்லது தீக்கு இரையாகிறது. 2022 ஏப்ரலில் சென்னைப் பெருங்குடியிலும், 2024 ஏப்ரலில் டில்லி காஜிப்பூரிலும் மூண்ட தீயின் புகையைச் சுவாசித்தவர்கள் அக்கம்பக்கத்து ஜனங்களே. இத்தகைய மேட்டில் குழாய் இறக்கி லாபம் காண நினைப்பது, ஓட்டைக் குடத்தில் நீர் சேமிப்பதை ஒக்கும்.

இந்தூர் நகரம் வேறு வழியை மேற்கொண்டது. 2022 பிப்ரவரியில் அங்கே திறக்கப்பட்ட ஆலை, தரம் பிரித்த ஈரக் குப்பையை, நாளொன்றுக்கு 550 டன் வரை, மூடிய கலன்களில் புளிக்க வைத்து, 17,000 கிலோ வாயு தரும்படி அமைக்கப்பட்டது. மூலதனமான 150 கோடி ரூபாயையும் தனியார் போட்டனர். வாயுவில் பாதிக்குக் குறையாமல் நகர பஸ்களுக்கு வாங்குவதாக நகர சபை ஒப்புக்கொண்டது. பிரித்த குப்பை, நிச்சயமான கிராக்கி ஆகிய இவ்விரண்டுமே அத்திட்டத்தின் அஸ்திவாரம்.

2018-ல் மத்திய சர்க்கார் நாடெங்கும் 5,000 ஆலைகள் என்று குறித்த இலக்கு, 2024-க்குள் நிறைவேறவில்லை என்பதையும் மறத்தலாகாது. ஆகையால் புதிய ஆலை என்ற பேச்சு எழும்போது, வரி கொடுக்கும் ஜனங்கள் தங்கள் நகர சபை அங்கத்தினர்களிடம் இரண்டு கேள்விகள் கேட்க வேண்டும். வீட்டு வாசலில் குப்பை பிரிக்கப்படுகிறதா? வாயுவை வாங்குவோர் யார், என்ன விலைக்கு? இவற்றுக்குத் தெளிவான பதில் வரும் வரையில், பொதுப் பணத்தில் ஒரு காசும் செலவிட இசைதல் கூடாது.