30 வருஷமாகியும் 'க்ரோனோ ட்ரிக்கர்'தான் என் ஃபேவரைட்... ரீமேக் வந்தா சந்தோஷமா, பயமா?

காலையில் அலாரத்தை ஆஃப் பண்ணினதும் போனில் முதலில் வந்து நிற்பது என்ன? 'உங்கள் டெய்லி ரிவார்டு ரெடி!' ஒருநாள் உள்ளே போகலைன்னா ஸ்ட்ரீக் போச்சு, ஈவென்ட் முடிஞ்சுபோச்சு. கேம் ஆடப் போறோமா, அட்டெண்டன்ஸ் போடப் போறோமான்னே தெரியலை. இப்படிக் கடுப்பாகும்போதெல்லாம் நான் திரும்பிப் போகிற கேம் ஒண்ணுதான். 'க்ரோனோ ட்ரிக்கர்'.

1995 மார்ச்சில், ஜப்பானின் ஸ்கொயர் நிறுவனம் சூப்பர் ஃபேமிகாமுக்காக வெளியிட்ட ரோல் பிளேயிங் கேம் இது. 'ஃபைனல் ஃபேன்டஸி'யை உருவாக்கிய ஹிரோனோபு சகாகுச்சி, அதன் போட்டியான 'டிராகன் குவெஸ்ட்'டின் யூஜி ஹோரி, 'டிராகன் பால்' அகிரா டோரியாமா... மூணு பேரும் ஒரே டீமில்! இத்தனைக்கும் மொத்த கேமும் 4 எம்.பி கார்ட்ரிட்ஜில் அடங்கிடுச்சு. ஃபேமிலி குரூப்பில் வர்ற குட்மார்னிங் வீடியோவே அதைவிடப் பெருசா இருக்கும்.

கதை சிம்பிள். க்ரோனோவும் நண்பர்களும் எதிர்காலத்துக்குப் போகிறார்கள். 1999-ல் உலகம் அழிஞ்சதைத் தெரிஞ்சுக்கிறார்கள். அதைத் தடுக்கக் காலம் விட்டுக் காலம் தாவுகிறார்கள்.

ஆனா, என்னைக் கவுத்தது ஆரம்பத்தில் வரும் திருவிழா. அங்கே ஒரு மேஜையில் யாரோ ஒருத்தரோட சாப்பாடு இருக்கும். கேம்ல கண்ணில் பட்டதையெல்லாம் எடுக்கிறதுதானே நம்ம வழக்கம்? நானும் எடுத்துச் சாப்பிட்டேன். கொஞ்ச நேரம் கழிச்சு இளவரசியைக் கடத்தியதா க்ரோனோ மேல் கேஸ். கோர்ட்டில் அந்தச் சாப்பாட்டுக்காரர் வந்து சாட்சி சொல்றார்! அன்னைக்குத் தலை குனிஞ்சவன்தான்.

இன்னொரு இடம், ரோபோ என்கிற ரோபோ (ஆமா, பேரே அதான்). கி.பி 600-ல் பாலைவனமாகிப்போன நிலத்தைக் காடாக்க அவன் அங்கேயே தங்கிடுவான். நாம 1000-க்குப் பறந்துபோய் அவனைத் திரும்பக் கூட்டிக்கணும். நமக்குச் சில நொடிப் பயணம், அவனுக்கு 400 வருஷ உழைப்பு. பாலைவனம் இருந்த இடத்தில் காடு நிக்கும். அன்று ராத்திரி எல்லாரும் நெருப்பைச் சுத்தி உட்கார்ந்து பேசுவாங்க. அவ்ளோதான் சீன். எனக்குத் தொண்டை அடைச்சுடுச்சு.

இப்போது ரீமேக் சீசன். 1997-ல் வந்த 'ஃபைனல் ஃபேன்டஸி 7' என்ற ஒரே கேமை மூணு கேம்களாகப் பிரிச்சு எடுக்கிறாங்க. 2020-ல் ஒண்ணு, 2024-ல் ஒண்ணு வந்தாச்சு. பார்க்கப் பிரமாதம்தான், மறுக்கலை. ஆனா கதை நகரணும்னா நடுவில் எத்தனை எடுபிடி வேலை! 'க்ரோனோ ட்ரிக்கர்' ரசிகர்களும் ரீமேக் கேட்டுக்கிட்டேதான் இருக்காங்க. எனக்கு அங்கேதான் பயம்.

ஏன்னா இந்த கேம் சுமார் 25 மணி நேரத்தில் முடிஞ்சுடும். எதிரிகள் பெரும்பாலும் கண்ணெதிரே நிற்பாங்க, பல பேரைச் சுத்திக்கிட்டே போகலாம். ஒரு தடவை முடிச்சா, சேர்த்த பலத்தோட மறுபடி தொடங்கி, கடைசி வில்லனை எப்போ அடிக்கிறோமோ அதைப் பொறுத்து வேற வேற முடிவு பார்க்கலாம். பாதியில் செத்துப்போற ஹீரோவை மீட்காமலேயேகூட முடிக்கலாம் (ஸ்பாய்லருக்கு ஸாரி, 30 வருஷம் டைம் கொடுத்தாச்சு). நம்மைக் கட்டிப்போடணும்ங்கிற எண்ணமே இல்லாத கேம். இன்றைய வியாபாரத்துக்கு இந்த அளவு போதுமா? 100 மணி நேரமா இழுத்தா, ரோபோவோட 400 வருஷம் அந்தச் சில நொடியில் தர்ற அதிர்ச்சி இருக்குமா? 2024 மார்ச்சில் டோரியாமாவும் போய்ச் சேர்ந்துட்டார். புதுசா வரைய அவர் கையும் இல்லை.

மொபைலிலேயே கிடைக்குது. ஒருமுறை காசு கொடுத்தா போதும், டெய்லி ரிவார்டு தொல்லை இல்லை. போன வாரம் மறுபடி ஆரம்பிச்சேன். இந்தத் தடவை அந்தச் சாப்பாட்டைத் தொடவே இல்லை. நிரபராதின்னு தீர்ப்பும் வந்துச்சு. அப்பவும் தூக்கி ஜெயிலில்தான் போட்டாங்க!