முதல் மனைக்கு வருகிறவர்

பணிக்கொடைப் பணமோ, வெளிநாட்டுச் சம்பளமோ, சீட்டு எடுத்த தொகையோ, 20 லட்சத்தைக் கையில் வைத்துக்கொண்டு முதன்முதலாக மனை வாங்க வருகிறவர் நம்மிடம் கேட்பது ஒன்றுதான்: "எந்தப் பக்கம் ஏறும்?" நாமும் புறவழிச்சாலை வருகிறது, பேருந்து நிலையம் மாறுகிறது என்று ஆரம்பித்துவிடுகிறோம். அவரிடம் நாம் திருப்பிக் கேட்கவேண்டியதைக் கேட்பதில்லை: இதை எப்போது விற்பீர்கள், யாருக்கு?

ஒரு தாளை எடுத்துக் கணக்குப் போட்டுக் காட்டலாம். மனை விலை 20 லட்சம். முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமுமாக 9 சதவீதம், 1.80 லட்சம். நம் தரகு 2 சதவீதம் என்றால் 40 ஆயிரம். வழக்கறிஞர் கருத்துரை, பத்திர எழுத்துக்கூலி, அளவை எல்லாம் சேர்த்து 10 ஆயிரம் என்றே வைப்போம். பத்திரம் கைக்கு வரும்போது 22.30 லட்சம் போயிருக்கும். அதே பணம் 7 சதவீத கூட்டு வட்டிக்கு வங்கியில் 5 வருடம் கிடந்தால் 31 லட்சத்தைத் தாண்டும். ஆக மனை வருடத்துக்கு 9 சதவீதத்துக்கு மேல் ஏறினால்தான் வங்கிக்கு ஈடு. விற்கும்போது தரவேண்டிய தரகையும் 12.5 சதவீத மூலதன ஆதாய வரியையும் இதில் சேர்க்கவில்லை. (வங்கி வட்டிக்கும் வரி உண்டு, அதையும்தான் விட்டிருக்கிறேன்.) காலி மனையில் வாடகை வராது, கருவேலம்தான் வளரும். இரண்டு வருடத்தில் மகள் கல்யாணத்துக்குப் பணம் வேண்டும் என்பவர் இந்தத் தாளைப் பார்த்ததும் எழுந்து போய்விடக்கூடும். போகட்டும்.

மனை அங்கீகாரத்தைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. பதிவுச் சட்டத்தின் 22ஏ பிரிவு நடைமுறைக்கு வந்த 2016 அக்டோபர் 20-ஐ நம் தொழிலில் யாரும் மறந்திருக்க முடியாது. டிடிசிபி எண்ணும் ரெரா எண்ணும் இப்போது நோட்டீஸிலேயே பெரிதாக அச்சாகின்றன. நாம் கோட்டை விடுவது வில்லங்கச் சான்றில்.

"முப்பது வருஷத்துக்குப் போட்டுப் பாத்துட்டேன் சார், நில்லுன்னு வந்துடுச்சு" என்கிறார் வாங்குபவர். எந்த எண்ணுக்குப் போட்டார்? இன்றைக்கு 45/2ஏ1 என்று இருக்கும் உட்பிரிவு ஒரு காலத்தில் 45/2. அதற்கும் முன்னால் வெறும் 45. புதிய எண்ணை மட்டும் தட்டினால் உட்பிரிவு ஆன பிறகு நடந்ததுதான் வரும். பழைய எண்ணில் கிடக்கும் அடமானமும் விற்பனை ஒப்பந்தமும் கண்ணில் படாது. அ-பதிவேட்டையும் மூலப்பத்திரத்தையும் பக்கத்தில் வைத்து, ஒவ்வொரு எண்ணுக்கும் தனித்தனியாகப் போட்டுப் பார்ப்பதுதான் வேலை. அலுப்பான வேலைதான், அரை நாள் ஆகும்.

சரியான எண்ணுக்கே போட்டாலும் பதிவாகாத உயில் அதில் தெரியாது. கையெழுத்துப் போடாத மகளும் தெரியமாட்டாள். அண்ணன் தம்பி இருவர் மட்டும் எழுதிக்கொடுத்த பூர்வீகச் சொத்துக் கிரயம் வந்தால், கூடப் பிறந்தவர்கள் எத்தனை பேர் என்று கேட்டுவிட்டு, வாரிசுச் சான்றைப் பார்க்காமல் அட்வான்ஸ் பேச்சே எடுக்கக்கூடாது. மகளின் பங்குரிமை தமிழ்நாட்டில் 1989-லேயே வந்துவிட்டது. 2005 மத்தியத் திருத்தம் அதை விரித்தது. அந்தத் திருத்த நாளில் தந்தை உயிரோடு இருந்திருக்க வேண்டியதில்லை என்று 2020-ல் வினீதா சர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. இவ்வளவுக்குப் பிறகும் "பொண்ணுங்களுக்கு நகை போட்டாச்சு" என்ற சமாதானத்தை நம்மில் பலர் அப்படியே வாங்குபவரிடம் கடத்துகிறோம்.

ரெரா சட்டத்தின் 10-ஆம் பிரிவு, பதிவாகாத திட்டத்தை விற்றுக்கொடுக்கக்கூடாது, பொய்யான உறுதி தரக்கூடாது என்று முகவரைக் கட்டுப்படுத்துகிறது. 9, 10-ஆம் பிரிவுகளை மீறினால் நாளொன்றுக்கு 10,000 ரூபாய் அபராதம். அது சொத்து மதிப்பில் 5 சதவீதம் வரை போகும். ஆனால் அபராத பயத்தைவிட நம் கூலி முறைதான் நம்மை வளைக்கிறது என்று நினைக்கிறேன். கிரயம் முடிந்தால்தான் காசு என்றிருக்கும்போது, "இந்த மனை வேண்டாம்" என்று சொல்ல எவனுக்கு வாய் வரும்?

ஆவணம் பார்த்துச் சொல்வதற்கென்று ஒரு கட்டணத்தை, ஐயாயிரமோ பத்தாயிரமோ, முதல் நாளே பேசி ரசீது கொடுத்து வாங்குவோம். கிரயம் முடிந்தால் தரகில் கழித்துக்கொள்ளலாம். விற்பவரிடமும் தரகு வாங்குகிறோம் என்றால் அதையும் அந்த ரசீதிலேயே எழுதிவிடலாம்.